டிக்கியில் நின்ன தண்ணி

செகண்ட்ஸ் காரா வாங்கப் போறீங்க தம்பி? தப்பா நெனச்சுக்காதீங்க, ஒட்டுக் கேக்கோணும்னு கேக்கலீங்க. பக்கத்துல உக்காந்து போன்ல பேசுனா காதுல உளுகத்தானே செய்யும். பொள்ளாச்சியிலதான் வண்டி நிக்குதுங்களா? நானும் பொள்ளாச்சிக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கறேன். தாராபுரத்துல பெயிண்ட்டுக் கடை நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, எல்லாத்துக்கும் தெரியும்.

எனக்கும் கார் இருக்குதுங்க. ஊட்டு முன்னால நிக்குது. வெள்ளைக் கலரு. பாத்தீங்கன்னா நேத்துத்தான் ஷோரூம்லிருந்து எறக்குன மாதிரி இருக்கும். அப்படி ஒரு வண்டிய நிறுத்தி வெச்சுட்டு இந்த மனுசன் எதுக்குப் பஸ்ஸுல இடிபட்டுட்டுப் போறான்னு நெனப்பீங்க. அதத்தான் சொல்ல வாரேன். நாளைக்கு நீங்களும் என்னாட்டம் நிக்கக்கூடாது பாருங்க.

எம்பட பொண்ணு கௌசிகாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தமுங்க. ஒரே பொண்ணு. தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. மாப்பிள்ளை ஊடு பொள்ளாச்சிக்கு அக்கட்ட, ஆனைமலை ரோட்டுல. தென்னந்தோப்பு, தேங்கா லோடு ஏத்தற லாரி, எல்லாம் இருக்கறவங்க. மாப்பிள்ளையோட அப்பா பேரு கிட்டுசாமி. நல்ல மனுசனுங்க, அவரக் குத்தம் சொல்லமாட்டேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வாசல்ல மூணு கார் வந்து நின்னுச்சு. எங்கூட்டு வாசல்ல எம்பட டிவிஎஸ் நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நிச்சயத்துக்கு நம்ம சொந்த வண்டியிலதான் போய் எறங்கோணும்னு.

இன்னொண்ணும் இருக்குதுங்க. பொண்ணுக்குப் பஸ்ஸுல ரொம்ப நேரம் உக்காந்து போனா கால் கொஞ்சம் நோகும். அது ஒண்ணும் பெருசில்லீங்க. காலேஜ் கடைசி வருசம் வண்டியில போறப்ப ரோட்டு மணல்ல சறுக்கி உளுந்துட்டா. வலது தொடை முறிஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ணி உள்ள கம்பி வெச்சிருக்கறாங்க. நல்லாத்தான் நடக்கறா. நாள் பூரா நின்னுட்டுத்தானே பாடம் நடத்தறா. குளுரு காலத்துல மட்டும் இத்தினியூண்டு சாய்ச்சு நடப்பா. சீலை கட்டுனா அதுவும் தெரியாது. ஊட்டுல இருக்கற எங்களுக்கே சமயத்துல மறந்து போயிருமுங்க.

அத உடுங்க, கார் கதைக்கு வாரேன்.

உடுமலைக்கு இக்கட்டால, ஊருக்குள்ள போறதுக்கு முன்னாலயே, இதே ரோட்டு மேலதான், சபாபதின்னு ஒருத்தன் தகரக் கொட்டாய் போட்டு செகண்ட்ஸ் கார் விக்கறான். பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும், காட்டறேன் பாருங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நெறையத் துண்ணூரு. "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா, எளநி குடிங்கண்ணா"ங்கறான். ஒரு டாக்டரோட காராம். ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டும் ஓட்டுனதாம். டாக்டர் வெளிநாடு போறதால தர்றாராம். உள்ள ஏறி உக்காந்தேன். புதுசு வாசம் அடிக்குதுங்க. சீட்டுக் கவரு புதுசு, கீழ விரிச்ச மேட்டு புதுசு, பெயிண்ட்டு பளபளன்னு இருக்குது. நம்பரக் கூட்டிப் பாத்தா ஆறு. எனக்கு ஆறுதான் ராசி. எட்டு வந்திருந்தா எளநியக்கூடக் குடிச்சிருக்கமாட்டேன்.

எம்பட ஊட்டுக்காரி துளசிமணி சொன்னா, "ஏனுங்க, ஒரு மெக்கானிக்கக் கூட்டீட்டுப் போயி ஒருக்காக் காட்டீருங்களே"ன்னு. அவ எப்பவும் அப்படித்தான். எதைச் செஞ்சாலும் ஒரு தடங்கல் சொல்லுவா. நான் சொன்னேன், மெக்கானிக்கு மனுசன், அவன் விக்கறவங்கிட்டயும் காசு வாங்கிட்டு நம்மகிட்டயும் வாங்குவான், நாம சாமிகிட்டக் கேப்போம்னு. எங்க பக்கம் கெணறு வெட்டறதுன்னாலும் கல்யாணம் பேசறதுன்னாலும் கோயில்ல பூக் கேக்காமச் செய்யமாட்டோமுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல? வெள்ளைப் பூவ ஒரு எலையில மடிச்சு, செவப்புப் பூவ ஒரு எலையில மடிச்சு, சாமி முன்னால போட்டு, பூசாரி ஒண்ண எடுத்துக் குடுப்பாரு. வெள்ளை வந்தா செய்யலாம். செவப்பு வந்தா கூடாது.

போயிக் கேட்டேன். செவப்பு வந்துச்சு.

இருங்க, சிரிக்காதீங்க. அது செல்லாதுங்க. எலை ஈரமா இருந்துச்சு, மடிப்புப் பிரிஞ்சு ஓரத்துல பூத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சத எடுத்தா அது எப்படி வாக்காகும்? பூசாரிகிட்ட, "நல்லாக் குலுக்கிப் போட்டு எடுங்க சாமி"ன்னேன். அவரு, "ஒரே சங்கதிய ஒரே நாள்ல ரெண்டுக்காக் கேக்கக்கூடாதுங்க, ஒரு பச்சம், பதனஞ்சு நாள் கழிச்சு வாங்க"ன்னாரு. நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு, ஒரு பச்சம் எங்க பொறுக்கறது? அங்கயே நின்னு பேசிப் பேசி மறுக்கா எடுக்க வெச்சேன். வெள்ளைதான் வந்துச்சு. சாமியே சரின்னதுக்கப்பறம் எனக்கு என்ன யோசனை? அன்னைக்குச் சாயங்காலமே வண்டிய எடுத்துட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பூசணிக்காய் சுத்தி ஒடச்சு, ஊடு வந்து சேந்தேன்.

வர்றப்பவே ஒரு சங்கதி தெரிஞ்சுச்சுங்க. ஸ்டேரிங்கு எடதுபக்கமா இழுக்குது. கையை உட்டா ரோட்ட உட்டு எறங்கப் பாக்குது. போன் பண்ணிக் கேட்டேன். "ஓட்ட ஓட்டச் சரியாயிரும்ணா, டாக்டரு எடதுகைக்காரரு"ங்கறான். நானும் இருக்கும்னு நெனச்சேன். எதுக்கு நெனச்சேன்னு இப்ப யோசிச்சா எனக்கே எரிச்சலா இருக்குது.

நான் பெயிண்ட்டுக் கடைக்காரனுங்க தம்பி. இருவத்தஞ்சு வருசமா பட்டியும் பிரைமரும் விக்கறேன். போன மாசம்கூட ஒருத்தர் வந்தாரு, ஊட்ட விக்கப் போறாராம், செவுரெல்லாம் ஓதம் ஏறி உப்புப் பூத்துக் கெடக்குது, என்ன பண்றதுன்னாரு. சொறண்டிப் போட்டு ரெண்டு கோட்டு பட்டி பாத்து மேல வெள்ளை ஓட்டுங்க, ரெண்டு மழை தாங்கும், அதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆயிரும்னு சொல்லி அனுப்புனேன். சந்தோசமாப் போனாரு. அப்படி இந்தத் தொழில் முழுக்கத் தெரிஞ்ச எனக்கே பட்டி பாத்த வண்டிய ஒருத்தன் தலையில கட்டிட்டான்னா, அவன் எத்தனை பெரிய களவாணியா இருக்கோணும்?

நிச்சயம் அவங்க குலதெய்வம் கோயில்ல வெக்கோணும்னாங்க, பொண்ணையும் கூட்டீட்டு வந்தரச் சொன்னாங்க. ஐப்பசி மாசம். தாராபுரம் தாண்டறப்பவே மழை புடிச்சுக்கிச்சு. ஓட்டறது நானு, பக்கத்துல துளசிமணி, பின்னால பொண்ணு. டிக்கியில சீர்த் தட்டெல்லாம் இருக்குது. மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி சட்டை, பழம், வெத்தலை பாக்கு, சர்க்கரை, கல்கண்டு, குங்குமம். வண்டி வழி பூரா எடதுபக்கம் இழுக்குது, நான் வலதுபக்கம் இழுக்கறேன். போய்ச் சேர்றதுக்குள்ள தோளு ரெண்டும் கழண்டு போச்சு. ஆனா அந்தக் கோயில் வாசல்ல கார்ல போயி எறங்குனப்ப, குடையப் புடிச்சுட்டு கிட்டுசாமி ஓடி வந்து கதவத் தொறந்தப்ப, எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. பொய் சொல்லக்கூடாது, நெறஞ்சு போச்சு.

அப்பறம் டிக்கியத் தொறந்தேன்.

உள்ள தண்ணி நிக்குதுங்க. குட்டையாட்டம் நிக்குது. தட்டெல்லாம் அதுல கெடக்குது. பட்டு வேட்டி ஊறிப் போச்சு, சர்க்கரை கரஞ்சு போச்சு, வெத்தலை மெதக்குது. குங்குமம் கரஞ்சு தண்ணியெல்லாம் செவப்பா இருக்குது. அவங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் குடையோட சுத்தி நிக்கறாங்க. ஒரு பொம்பளை "அய்யோ சகுனமே"ன்னு வாயப் பொத்திக்கிட்டா.

கிட்டுசாமி வண்டி வாகனத்தோடயே இருக்கறவரு பாருங்க, தட்டெல்லாம் எடுத்து வெச்சுட்டு டிக்கி மேட்ட ஒரு மூலையில புடிச்சுத் தூக்குனாரு. அடியில தகரம் முச்சூடும் வெல்டிங்கு. கோணக்க மாணக்கன்னு ஒட்டுப் போட்டு மேல கருப்புத் தார அப்பி வெச்சிருக்குது. அந்த ஒட்டு வழியாத்தான் தண்ணி ஏறியிருக்குது. "சம்பந்தி, இது பின்னால பெரிய அடி வாங்குன வண்டியாச்சே. தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?"ன்னாரு. அவரு மெதுவாத்தான் கேட்டாரு. ஆனா எல்லாத்துக்கும் கேட்டுச்சு.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்துச்சோ. அத்தனை பேர் முன்னால நின்னு கத்துனேன். "மறச்சு வித்தவன் மனுசனாங்க? அடிபட்டிருந்தா அடிபட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல? சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நம்பி வந்தவன் கண்ணக் கட்டிட்டானே. வண்டிக்குள்ள உக்காந்து போறது மூணு உசுரு. இவனையெல்லாம் சும்மா உடலாமா?" இன்னும் என்னென்னமோ சொன்னேன். கிட்டுசாமி எம்பட தோளத் தட்டுனாரு. "உடுங்க சம்பந்தி. அடிபடறது யார் கையிலயும் இல்ல. சொல்லாம உட்டதுதான் தப்பு"ன்னாரு. நாயமான பேச்சு. எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

அப்பத்தானுங்க எம்பட பொண்ணு பேசுனா.

அவ அத்தனை நேரம் மழையில நனஞ்சுட்டு ஓரமா நின்னவ, முன்னால வந்து, "மாமா, நானும் ஒண்ணு சொல்லோணுங்க"ன்னா. அம்மிணி உள்ள போ, நனையாதேன்னேன். அவ என்னையப் பாக்கவே இல்ல. "எனக்கு வலது தொடையில கம்பி வெச்சிருக்குதுங்க மாமா. காலேஜ்ல படிக்கறப்ப வண்டியிலிருந்து உளுந்துட்டேன். இதச் சொல்லாம நிச்சயம் பண்ணக்கூடாதுங்க"ன்னா. மாப்பிள்ளைப் பையன் நவநீதன் அங்கதான் நிக்கறாப்டி. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. ரெண்டு மாசமா ரெண்டு பேரும் போன்ல பேசிட்டிருந்தாங்க பாருங்க.

கிட்டுசாமி எம்பக்கம் திரும்பிப் பாத்தாரு. அந்த நேரத்துல அவ சொன்னா, "அப்பா உங்ககிட்டச் சொல்லச் சொல்லித்தான் எங்கிட்ட உட்டிருந்தாருங்க. நான்தான் பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன். அப்பா மேல ஒண்ணும் இல்லீங்க."

"அப்படிங்களா சம்பந்தி?"ன்னாரு. நான் தலைய ஆட்டுனேன்.

வேற என்ன பண்றதுங்க தம்பி? பொண்ணு சபையில ஒண்ணு சொல்லிட்டா. அது பொய்யின்னு நான் சொன்னா அவளுக்குத்தானே அவமானம்? பெத்தவன் புள்ளைய விட்டுக் குடுக்கலாமா? அதான் ஆட்டுனேன்.

நடந்தது என்னன்னு உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நான்தான் சொல்ல வேண்டாம்னேன். மொத நாளே துளசிமணி கேட்டா, கால் சங்கதிய அவங்ககிட்டச் சொல்லீரலாமான்னு. அவங்க கேட்டாச் சொல்லலாம், கேக்காம நாமளா எதுக்குச் சொல்லோணும், சொன்னா எவன் கட்டுவான்னேன். பொண்ணு ஒரு நாள் வந்து, "அப்பா, அவருகிட்ட நானே சொல்லீரட்டுமா"ன்னா. தாலி ஏறட்டும், அப்பறம் உம்பட புருசன், உம்பட காலு, என்னமோ பேசிக்கங்க, அதுவரைக்கும் எம்மேல சத்தியம்னு கையில அடிச்சு வாங்கிக்கிட்டேன். துளசிமணி, இதுக்கும் ஒருக்காப் பூக் கேட்டுப் பாருங்களேன்னா. சாமிகிட்டப் போயி இதையெல்லாமா கேப்பாங்க? நம்ம ஊட்டுச் சங்கதி நமக்குத் தெரியாதா? ஒரு பொண்ணப் பெத்தவனுக்கு இருக்கற பயம் உங்களுக்குக் கல்யாணமாகிப் பொண்ணு பொறந்தாத்தான் புரியும். அவளுக்கு ஒரு நல்ல எடம் தவறிப் போயிருமோன்னு ராத்திரி தூக்கமே இல்லாமக் கெடந்தவன் நான். அவ மேல இருக்கற ஆசையிலதானே செஞ்சேன்?

அன்னைக்கு நிச்சயம் நடக்கல. நாலு நாள் டயம் குடுங்கன்னாங்க. அப்பறம் கிட்டுசாமியே போன் பண்ணுனாரு. "கால் ஒரு சங்கதியே இல்லீங்க. எங்கம்மாவுக்கே ரெண்டு மூட்டும் மாத்தித்தான் நடக்கறாங்க. ஆனா ரெண்டு மாசமா தெனம் பேசிட்டிருந்த புள்ள, நீங்க சொல்லச் சொல்லியும் ஒரு வார்த்தை எம்பையன்கிட்டச் சொல்லல பாருங்க. அவனுக்கு அது மனசு ஒப்பல. உங்கள நாங்க ஒண்ணும் குத்தம் சொல்லல, நீங்க பெரியவரு, உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்குது"ன்னாரு. பெரிய மனுசனுங்க. அந்த நெலமையிலயும் எம்மேல ஒரு குத்தம் சொல்லல.

பொண்ணு அழுகலீங்க. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருக்குது. காலையில எந்திரிக்கறா, பள்ளிக்கூடம் போறா, வாரா, பேப்பர் திருத்தறா. சோறு போடறா. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா அப்பா"ங்கறா. அவ்வளவுதான் பேச்சு. அவ கை சாதம் போடறத நிமுந்து பாக்க எனக்கு முடியல. ஏன்னு தெரியல. ஊட்டுக்குள்ளயே யாரோ செத்துப் போன மாதிரி இருக்குது. எல்லாம் அந்தச் சபாபதியால வந்த வினை. அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வண்டிய நான் எடுத்திருக்கமாட்டேன். வண்டிய எடுக்காம இருந்திருந்தா தண்ணி நின்னிருக்காது. தண்ணி நிக்காம இருந்திருந்தா பொண்ணு பேசியிருக்கமாட்டா. இன்னேரம் கல்யாணப் பத்திரிகை அடிச்சிருப்போம்.

என்னங்க? நானே போயி நெசத்தச் சொல்லலாமேங்கறீங்களா? கேளுங்க, தப்பில்ல.

அதத்தான் அவளும் சொன்னா. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் கடைக்கே வந்தா. ஆள் இல்லாத நேரம் பாத்து எம்பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தா. "அப்பா, நீங்க ஒருக்காப் போயி, நான்தான் சொல்ல வேண்டாம்னேன், புள்ள மேல தப்பில்லைன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க"ன்னா. "கல்யாணம் நடக்கோணும்னு கேக்கலீங்க அப்பா. நான் ஏமாத்துனவன்னு அவரு நெனச்சுட்டிருக்கறாரு பாருங்க, அது மட்டும் எனக்குத் தாங்கலீங்க. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உங்க தலை குனியக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவரு போன் எடுக்கறதில்ல. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க"ன்னா. அப்பத்தான் அவ கண்ணு நெறஞ்சதப் பாத்தேன். எனக்கும் தாங்கலீங்க. சரி அம்மிணி, போயிச் சொல்லிட்டு வாரேன்னேன். நெசமாத்தான் சொன்னேன்.

அதுக்குத்தான் இப்பப் போறேன். இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாக்கறீங்களா? ஆப்பிளு, சாத்துக்குடி, கொஞ்சம் மல்லிகைப் பூவு. வெறுங்கையோட அவங்க ஊட்டுக்குப் போகாதீங்கன்னு அவளே வாங்கிக் குடுத்துட்டா. பஸ் ஸ்டேண்டு வரைக்கும் கூட வந்து ஏத்தி உட்டுட்டுப் போறா. அவ நின்னுட்டிருந்தாளே, ஜன்னலுக்குக் கீழ, பச்சைச் சீலை, பாத்தீங்களா? அவதான். காலு தெரிஞ்சுதா உங்களுக்கு? தெரியலையில்ல. நான் சொல்லல?

போன வாரமும் கெளம்புனேன். இதே பஸ்ஸுதான். உடுமலைக்கிட்ட வர்றப்ப அவன் கொட்டாய் தெரிஞ்சுச்சு. அந்தத் துண்ணூத்து நெத்திக்காரன் எவனுக்கோ எளநி வெட்டிக் குடுத்துட்டிருக்கறான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. எறங்கீட்டேன். போயி சட்டையப் புடிச்சேன். "ஏன்டா சொல்லல?"ன்னேன். அவன் கொஞ்சங்கூட அசரலீங்க. "அண்ணா, நீங்க கேட்டீங்களா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காம நானாச் சொன்னா எவன்ணா வாங்குவான்?"ங்கறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. மனச்சாட்சியே இல்லாத பேச்சு. இப்படியும் ஒருத்தன் பேசுவானான்னு நான் ஆடிப் போயிட்டேன். அவனோட கத்திக் கத்தி மணி ஆயிருச்சு. அதுக்கு மேல பொள்ளாச்சிக்குப் போனா நல்லா இருக்காதுன்னு திரும்பீட்டேன். ஊட்டுல, அவங்க ஊரில இல்லை, விசேசத்துக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்றது, புள்ள வாசல்லயே நின்னுட்டிருந்தா.

அதுவும் போக, யோசிச்சுப் பாருங்க. போயி என்னத்தச் சொல்றது? நான்தான் மறச்சேன்னு சொன்னா அவங்க என்ன நெனப்பாங்க? சின்னப் புள்ள மறச்சா பயத்துல செஞ்சுட்டான்னு ஒரு நாளைக்கு மறந்துருவாங்க. பெத்தவன் மறச்சான்னா ஏமாத்துக்காரன்னு பேராயிரும். கடை வெச்சு நடத்தறவனுங்க நானு. நாலு பேர் வந்து போற எடம். அந்த ஊர்ப் பேச்சு தாராபுரம் வர எத்தனை நேரமாகும்? இத அவ புரிஞ்சுக்கமாட்டேங்கறா. புரிஞ்சுக்காட்டிப் போகுது, நான் போகமாட்டேன்னு சொல்லல. போகத்தான் போறேன். டிக்கெட்டே பொள்ளாச்சிக்கு எடுத்திருக்கறனே.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

"சொல்லு அம்மிணி... ஆமா, உக்காந்துதான் வாரேன்... சாப்புட்டேன்... தாண்டிட்டேன் அம்மிணி, உடுமலை தாண்டிட்டேன்... ஆமா, பூ வாடல... சரி... சரி, சொல்றேன். மொத வார்த்தையே அதத்தான் சொல்றேன். நீ கெளாசுக்குப் போ."

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? தாண்டத்தானே போறோம் இன்னும் சித்த நேரத்துல. அவ மனசு நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னேன்.

அதா பாருங்க. அந்தக் காத்தாடிக் கம்பத்துக்கு இக்கட்டால, நீலத் தகரம். முன்னால வரிசையா நிறுத்தியிருக்கறான் பாருங்க, எல்லாம் பளபளன்னு. அந்தச் செவப்பு வண்டியச் சுத்தி ஒரு குடும்பமே நிக்குது. பொம்பளை கையில கொழந்தை வேற. டிக்கியத் தொறந்து காட்டறான் பாருங்க, மேட்டத் தூக்கறானா? தூக்கமாட்டான். கண்டக்டரே, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இங்கதான், இங்கதான்.

இல்ல தம்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுருவேன். மனசாறக் கேக்காம என்னால அங்க போயிப் பேச முடியாது. இந்தப் பைய நீங்களே வெச்சுக்கங்க. அட, வாங்கிக்கங்க, வெய்யில்ல பூவு வாடிப் போயிரும், பழமும் கனக்குது. நீங்க எப்படியும் பொள்ளாச்சிதானே போறீங்க. நான் போறப்ப வேற வாங்கிக்கறேன்.

வண்டி பாக்கறப்ப மறக்காம டிக்கி மேட்டத் தூக்கிப் பாருங்க தம்பி. வாயத் தொறந்து கேளுங்க. எவனும் தானாச் சொல்லமாட்டான்.